தனுஷ்கோடி: ஆளில்லாத படங்களின் அரசியல்

1992இல், பொள்ளாச்சி, பழனி வழியாகப் போய்க்கொண்டிருந்த மீட்டர் கேஜ் ரயிலில் கோவையிலிருந்து ராமேஸ்வரம் போனேன். கையில் ஒரு அக்ஃபா கிளிக் த்ரீ. ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் அப்போது ரோடு கிடையாது. மீன் ஏற்றுகிற வண்டியில் மணலில் குலுங்கிக்கொண்டு தனுஷ்கோடி போனேன். மாதா கோயில் சுவர், ஸ்டேஷன் சுவர், தண்ணீர்த் தொட்டி என்று பன்னிரண்டும் தீர்ந்தது. கழுவி வந்த படங்களில் ஒரு மனிதர்கூட இல்லை. வலையோடு குறுக்கே வந்தவரை, "கொஞ்சம் தள்ளிக்குங்ணா" என்று நானே விலக்கியிருந்தேன். ஆளில்லாத இடிபாடுதான் அழகு என்று எனக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

தனுஷ்கோடி பற்றிய வழக்கமான கதையாடல் 1964 டிசம்பர் 22 இரவில் தொடங்கி மறுநாள் காலையில் முடிந்துவிடுகிறது. புயல், ரயிலை விழுங்கிய அலை, அழிந்த நகரம். இயற்கையே கதாநாயகன், இயற்கையே வில்லன். இதில் காணாமல்போவது அந்த ஊர் எதற்காக இருந்தது என்கிற கேள்வி. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் ஓடத் தொடங்கியது. சென்னையில் வாங்கிய ஒரே டிக்கெட்டில் கொழும்பு போய்விடலாம். ஆனால் அந்தக் கடலைத் தாண்டிய எல்லோரும் ஒரே மாதிரி தாண்டவில்லை. திருச்சி, சேலம், மதுரை, ராமநாதபுரம் ஜில்லாக்களிலிருந்து கங்காணிகள் திரட்டிய ஜனங்களுக்கு அது 'கண்டிச் சீமை'. அன்றைய சேலம் ஜில்லாவில் திருச்செங்கோடும் அடக்கம், அதாவது நம் கொங்கின் கிழக்கு ஓரம். தொழிலாளியின் கடனை எழுதி அவரைத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றிய 'துண்டு' முறை 1921 வரை சட்டப்படி நடந்தது. மேல்வகுப்புப் பயணி நேராகக் கப்பலேற, 'கூலி' என்று வகைப்படுத்தப்பட்டவர் மண்டபம் முகாமில் நோய்ப் பரிசோதனைக்காக நாள்கணக்கில் நிறுத்திவைக்கப்பட்டார். என் படங்களில் இருந்தது ஸ்டேஷனின் சுவர். அந்த ஸ்டேஷனில் இறங்கிய உடல்கள் இல்லை.

புயலுக்கு இரண்டு மாதம்கூட முன்னால் இல்லை, 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று அவர்களைக் கேட்காமலே இரு அரசுகளும் முடிவு செய்தன. போன வழி கடலுக்குள் போய்விட்டதால் திரும்பிவந்தவர்கள் தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்தில் வந்து இறங்கினார்கள். யுத்தத்தால் 1984இல் கப்பல் நிற்கும்வரை இது நடந்தது. அவர்களில் பலருக்கு வேலை தருவதற்கென்று 1968இல் அரசுத் தேயிலைத் திட்டம் நீலகிரியில் தொடங்கப்பட்டது.

அப்படி வந்து கோத்தகிரிப் பக்கம் குடியேறிய ஒரு அம்மாவிடம் என் படங்களைக் காட்டினேன். நிதானமாகப் பார்த்துவிட்டு, "ஆளே இல்லியே தம்பி, இத யாருக்குக் காட்ட எடுத்தீங்க?" என்றார். பிறகு டிரங்குப் பெட்டியிலிருந்து பழைய பாஸ்போர்ட்டை எடுத்தார். அதில் இளவயதில் அவர், நேர்பார்வை, சிரிப்பில்லாத முகம். "தோட்டத்துல எங்கள யாரு படம் புடிச்சா? இது ஒண்ணுதான் இருக்கு." நாடு கடத்துவதற்காக அரசு எடுத்த படம், அவருடைய இளமைக்கு ஒரே சாட்சியாக மாறியிருந்தது. ரொலான் பார்த் 1980இல் வெளிவந்த புகைப்படம் பற்றிய தன் நூலில் தாயாரின் சிறுவயதுப் படத்தைப் பற்றி விரிவாக எழுதியும் அதை அச்சிடவில்லை. மற்றவர்களுக்கு அது வெறும் படம் என்பதால். இந்த அம்மாவோ கூச்சமில்லாமல் நீட்டினார். அந்தரங்கம் என்பதுகூட ஆல்பம் உள்ளவர்களின் சொத்துதான் போலும்.

2024இல் மறுபடி போனேன். பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றிருந்தது. புதிய பாலம் திறக்கப்பட்டது 2025 ஏப்ரலில்தான். ஆகவே மண்டபத்தில் இறக்கிவிட்டார்கள். 1992இல் ஜன்னல் வழியாகக்கூட நான் பார்க்காத ஊர். அந்தப் பழைய முகாம்தான் பின்னாளில் ஈழ அகதிகளின் முகாம் ஆனது. நூறாண்டுகளாக ஒரே இடம் ஒரே வேலையைச் செய்கிறது: யார் கடந்துபோகலாம், யார் காத்திருக்க வேண்டும் என்று பிரிக்கிற வேலை. நான் பஸ் பிடித்துக் கடந்துபோனேன்.

2017இல் போட்ட சாலை இப்போது அரிச்சல்முனை வரை போகிறது. மாதா கோயில் சுவருக்கு முன்னால் ஆளாளுக்கு செல்போன். புயலுக்குப் பின் 'குடியிருக்கத் தகுதியற்றது' என்று அரசு அறிவித்த இந்த மணலில் மீனவக் குடும்பங்கள் தொடர்ந்து வாழ்ந்துவந்திருக்கின்றன. சிப்பிமாலை விற்ற ஒரு பெண் சொன்னார்: "இடிஞ்ச சுவத்த எடுக்குறாக, நாங்க இருக்குற குடிசைய எடுக்க மாட்டாக." அப்போதுதான் உறைத்தது. 'இங்கே யாரும் இல்லை' என்ற அரசாணையைத்தான் என் பன்னிரண்டு படங்களும் நகலெடுத்திருந்தன. அழகியல் என்று நான் நினைத்தது நிர்வாகத்தின் பார்வை.

அவரையும் அவர் குடிசையையும் கேட்டுவிட்டு எடுத்தேன். இது பரிகாரமாகிவிடாது, கேமரா என் கையில்தானே இருந்தது. எடுத்து முடித்ததும், "காப்பி குடுப்பீகளா, இல்ல எல்லாரையும் மாதிரிப் போயிருவீகளா?" என்றார். கோத்தகிரி அம்மா கேட்டதும் இதையேதான்: இந்தப் படம் யாருக்கு?

கோவைக்கு வந்ததும் இரண்டு பிரதி போட்டு அனுப்பினேன்.