திரை நேரமா, பேசும் நேரமா?

1/ "2 முதல் 4 வயசுக் குழந்தைக்கு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல ஸ்கிரீன் வேண்டாம்." 2019ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. நாங்களும் கிளினிக்கில் சொல்றோம். சரிதான். ஆனா பேச்சு வராத குழந்தை, டேப்லெட்டில் படங்களைத் தொட்டுத்தான் பேசுதுன்னா? அந்த டேப்லெட்தான் அதுக்கு வாய். அதைப் பிடுங்கி வைக்கலாமா? வரலாற்றைக் கொஞ்சம் பாருங்க.

2/ 1880, இத்தாலியின் மிலான் நகரம். காது கேளாதோர் கல்விக்கான சர்வதேச மாநாடு. முடிவெடுத்தவர்களில் ஏறக்குறைய எல்லாருமே காது கேட்பவர்கள். சைகையைவிட வாய்ப்பேச்சே உயர்ந்ததுன்னு தீர்மானம் போட்டாங்க.

3/ பல நாட்டுப் பள்ளிகளில் சைகை மொழிக்குத் தடை. சைகை செய்த பிள்ளைகளுக்குக் கையிலேயே அடி. கெட்ட எண்ணத்தில் செய்யல. "சைகையை நிறுத்தினால் பேச்சு வரும்"னு நம்பினாங்க. அந்தத் தீர்மானத்தை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது 2010ல், வான்கூவர் மாநாட்டில். 130 வருஷம்!

4/ 1985ல் ஸ்டீபன் ஹாக்கிங்குக்குத் தொண்டையில் துளையிட்டு உயிரைக் காப்பாத்தினாங்க. குரல் போச்சு. பிறகு கம்ப்யூட்டர் வழியாகத்தான் பேசினார். அவர்கிட்ட "இன்னிக்கு ஸ்கிரீன் டைம் முடிஞ்சுது"ன்னு யாராவது சொல்லியிருப்பாங்களா?

5/ அன்றைய பேச்சுக் கருவிகள் பெரும்பாலும் பேச மட்டும்தான். நம்ம சென்னையில் உருவான 'ஆவாஸ்' கூட முதலில் தனிக் கருவிதான். 2010ல் ஐபேட் வந்தது. பேச்சுச் செயலிகள் அதுக்குள்ள போச்சு. விலை குறைஞ்சது, நல்லது. ஆனா அதே திரையில் யூடியூபும் கேமும் இருக்கு. அதனால பேச்சுக் கருவி, பார்ப்பவர் கண்ணுக்கு விளையாட்டுச் சாமானாகிடுச்சு. அடம் பிடிச்சா பிடுங்கறோம்.

6/ 1992லேயே அமெரிக்க நிபுணர் குழு ஒன்று தகவல் தொடர்பு உரிமைகளைப் பட்டியலிட்டது. பேச்சுக் கருவி எந்நேரமும் கைக்கெட்டணும், வேலை செய்யும் நிலையில் இருக்கணும் என்பது அதில் ஒன்று.

7/ "செயலிக்குப் பழகினா சொந்தப் பேச்சு வராதே?" 1880ன் அதே பயம். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், இதனால் பேச்சு குறைவதாகத் தெரியல. சிலருக்குக் கூடவே செய்யுது.

8/ செய்ய வேண்டியது:
கட்டுப்பாடு யூடியூபுக்கு, பேச்சுச் செயலிக்கு இல்லை.
ஐபேடில் 'கைடட் ஆக்சஸ்' போட்டால் ஒரே செயலி மட்டும் திறந்திருக்கும்.
முடிந்தால் வீடியோவுக்கு வேற போன்.
சார்ஜ் ஏறும்போது அதே படங்களை அச்சடித்த அட்டை.
தண்டனையா டேப்லெட்டைப் பிடுங்கவே கூடாது.

9/ வயித்துவலின்னு சொல்லணும். பள்ளியில் யாரோ அடிச்சாங்கன்னு சொல்லணும். அந்த நேரம் டேப்லெட் பீரோவுக்குள்ள பூட்டியிருந்தா, குழந்தை எதை வச்சுச் சொல்லும்? இன்னிக்கே வெளிய எடுத்து வைங்க.