போகும், போகாது

பெரியப்பா இருபத்தாறு வருஷம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஓசூர் சிப்காட்டில், பெரிய கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் ஒரு சின்னத் தொழிற்கூடத்தில் வேலை. லேத்திலிருந்து வரும் துண்டைத் துடைத்து, அதன் துளைக்குள் பிளக் கேஜை விட்டுப் பார்க்க வேண்டும். கேஜுக்கு இரண்டு முனை. ஒன்று உள்ளே போக வேண்டும். சிவப்பு அடித்த மறுமுனை போகக் கூடாது. முதல் முனையே போகவில்லை என்றால் துண்டு திரும்பவும் லேத்துக்கு. சிவப்பு முனையும் போய்விட்டால் ஸ்கிராப். “போகும், போகாது. அவ்ளோதான் கண்ணு என் வேலை” என்பார்.

அதே ஆள் கெலமங்கலத்தில் வீட்டுக்குப் பின்னால், தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே, எந்தக் கேஜுக்கும் அடங்காத ஒரு காரைச் செய்து வைத்திருந்தார். சேசிஸ் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டுடையது. பெங்களூர் சிவாஜி நகர் பழைய இரும்புச் சந்தையில் வாங்கியது. இன்ஜின் ஃபியட். ஹெட்லைட் டிராக்டருடையது. கதவு, 200 லிட்டர் ஆயில் டிரம்மை வெட்டி விரித்த தகடு. டிரம்மைச் சுற்றி ஓடும் அந்தப் புடைத்த வரி இன்னும் கதவில் தெரியும். கியர் குமிழ் பம்ப்செட் வால்வின் கைப்பிடி. நான் சின்னப் பையனாக இருந்தபோது ராயக்கோட்டை ரோட்டில் இரண்டு மூன்று முறை அதில் போயிருக்கிறேன். காது அடைத்துப்போகும்.

போன ஆவணியில் பெரியப்பா போய்விட்டார். கொட்டகையைக் காலி செய்ய வேண்டும் என்கிறார் பெங்களூரில் இருக்கும் அண்ணன். பழைய இரும்புக்காரர் வந்து பார்த்து, கிலோ கணக்கில் ஒரு விலை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். “இதுல அப்படி என்னதான் இருக்கு? நீதான் இன்ஜினியரிங் படிச்சவன், நீயே சொல்லு” என்று அண்ணன் கேட்டார். நான் படித்த லட்சணம், நாலு வருஷத்தில் ஒர்க்‌ஷாப் லேபில் ஒரே ஒரு பட் ஜாயின்ட் வெல்டிங் அடித்ததோடு சரி. அதனால் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் நாள் பிடித்தது.

கேஜிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. 1908இல் பிரிட்டனின் ராயல் ஆட்டோமொபைல் கிளப் ஒரு சோதனை நடத்தியது. அமெரிக்காவிலிருந்து வந்த மூன்று கேடிலாக் கார்களை, லண்டனுக்கு அருகே இருந்த புரூக்லாண்ட்ஸ் பந்தயத் தளத்தில் ஒவ்வொரு பாகமாகப் பிரித்தார்கள். மூன்றின் பாகங்களையும் ஒரே குவியலாகக் கலந்தார்கள். அதில் 89 பாகங்களை எடுத்து ஒதுக்கிவிட்டு, கிடங்கிலிருந்து புதியவற்றைக் கொண்டுவந்து போட்டார்கள். பிறகு ஸ்பேனரும் ஸ்குரூ டிரைவரும் வைத்துத் திரும்பவும் மூன்று கார்களாகப் பூட்டி, 500 மைல் ஓட்டினார்கள். ஓடின. கேடிலாக்குக்கு டிவார் கோப்பை கிடைத்தது. அதுவரை கார் என்பது கொல்லர் வேலை. ஒவ்வொரு பாகமும் பக்கத்துப் பாகத்துக்கு ஏற்ப அரம் போட்டுப் பொருத்தப்பட்டது. அந்தச் சோதனைக்குப் பிறகு, எந்தப் பாகம் எந்தக் காருடையது என்பதற்கு அர்த்தமில்லாமல் போனது. ஓசூர் என்று நாம் இன்று சொல்லும் ஊரே இந்த எண்ணத்தின் மேல்தான் நிற்கிறது: 1980இல் வந்த அசோக் லேலண்ட் ஆலை, அதே வருஷம் வந்த டிவிஎஸ் 50, பிறகு டைட்டன் கடிகாரம், இவற்றைச் சுற்றி முளைத்த நூற்றுக்கணக்கான கூடங்கள், அங்கே கேஜும் கையுமாக நின்ற பெரியப்பாக்கள்.

கேடிலாக் சோதனை நடந்த அதே 1908இல்தான் ஃபோர்டின் மாடல் டி வந்தது. 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்தார்கள். அச்சில் வார்த்ததுபோல் இத்தனை கார் ஒரு நாட்டில் குவிந்தால், இருபது வருஷத்தில் என்ன ஆகும்? பழைய இரும்பு மலையாகும். கலிஃபோர்னியப் பையன்களுக்கு அந்த மலைதான் கடை. சில டாலருக்கு ஒரு பழைய ஃபோர்டு, அதன் மட்கார்டைக் கழற்று, கூரையை வெட்டு, எடையைக் குறை. 1932இல் ஃபோர்டு, சாமானியன் வாங்கும் விலையில் எட்டு சிலிண்டர் வி8 இன்ஜினைக் கொண்டுவந்தது. புதிதில் 65 குதிரைத்திறன்தான். அதுவும் பழசாகிப் பழைய இரும்புக் கடைக்கு வந்தபோது பையன்களுக்குத் தீபாவளி. முரோக் என்ற வறண்ட ஏரிப் படுகையில் போய் வேகம் பார்த்தார்கள். 1937இல் தங்களுக்குள் ஒரு சங்கம் வைத்துக்கொண்டார்கள். போருக்குப் பிறகு அந்த மோகம் இன்னும் பெருகி, 1948 ஜனவரியில் அதற்கென்றே ஒரு பத்திரிகை வந்தது: ஹாட் ராட். வீட்டுக் கொட்டகையில் செய்த அந்தக் கார்களுக்கும் அதுதான் பெயர்.

ஹாட் ராட் என்றால் தீப்பிழம்பு வரைந்த பளபள கார் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பெயின்ட் இருக்கட்டும். ஃபோர்டு ஆலையிலிருந்து ஒரே மாதிரி வெளிவந்த இரண்டு கார்களை இரண்டு பையன்கள் எடுத்துக்கொண்டால், ஆறு மாதத்தில் ஒன்றின் பாகம் மற்றதில் பொருந்தாது. கேடிலாக் சோதனையைத் தலைகீழாக நடத்தியதுபோல. இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இன்று அமெரிக்காவில் 1932 ஃபோர்டின் உடலைப் புது எஃகில் அச்சு அசலாகச் செய்து விற்கிறார்கள். சேசிஸ், இன்ஜின் எல்லாமே கேட்லாக்கைப் பார்த்து வாங்கலாம். ஒரு ஃபோர்டு பாகம்கூட இல்லாமல் 1932 ஃபோர்டு செய்துவிடலாம். அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் அவற்றில் ஒன்றின் கதவை இன்னொன்றுக்கு மாட்டலாம் என்று நினைக்கும்போது எனக்கு ஆர்வம் வடிந்துவிடுகிறது.

நம் பக்கம் கதை வேறு. அங்கே மிதமிஞ்சிக் கிடந்ததால் செய்தார்கள். இங்கே கிடைக்காததால் செய்தார்கள்.

அதற்கு முன்னோடி என்றால் கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடுதான். கிராமத்துப் பையனாக இருந்தபோது ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். அதை வாங்குவதற்காகவே ஊரைவிட்டு வந்து, ஹோட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து, 300 ரூபாய்க்கு வாங்கினார். வாங்கியதும் செய்த முதல் காரியம் அதைப் பிரித்துப் போட்டுத் திரும்பப் பூட்டியது. 1920இல் ஒரே பஸ்ஸோடு பொள்ளாச்சி–பழனி தடத்தில் இறங்கியவர், 1952இல் இரண்டு பேர் உட்காரும் மலிவு விலை பெட்ரோல் கார் ஒன்றைச் செய்தார். சந்தைக்கு வரவில்லை; அரசாங்க அனுமதி கிடைக்கவில்லை. எந்தக் கம்பெனி என்ன செய்யலாம், எத்தனை செய்யலாம் என்று டெல்லி தீர்மானித்த காலம் அது.

அந்தக் காலத்தில் மொத்த நாட்டுக்கும் மூன்றே கார்தான் என்று சொல்லலாம்: அம்பாசிடர், ஃபியட், ஸ்டாண்டர்டு. மூன்றாவது நம் ஊர்க்காரர். சென்னை வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ், 1961இலிருந்து ஹெரால்டு செய்தது. பிரிட்டனின் டிரையம்ஃப் ஹெரால்டுதான், இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி வரைந்த உருவம்.

பெரியப்பா ஏன் ஹெரால்டைத் தேடிப் போனார் என்பது எனக்கு இப்போதுதான் புரிந்தது. 1950களில் உலகமே தனிச் சேசிஸை விட்டு விலகிக்கொண்டிருந்தது. தகட்டு உடலே சட்டமாகவும் நிற்கும்படி ஒரே கூடாகச் செய்தார்கள். அதை வெட்டினால் கார் வளைந்துவிடும். ஆனால் 1959இல் வந்த ஹெரால்டு, பழங்கால பாணியில் கீழே தனிச் சட்டம், மேலே போல்ட் போட்ட உடல். காரணம் ஒரு தட்டுப்பாடு. ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு உடல் செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை 1953இல் போட்டிக் கம்பெனியான பிஎம்சி வாங்கிவிட்டது. முழு உடலைச் செய்து தர ஆளில்லை. எனவே துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்து வாங்கி, ஒரு சட்டத்தின் மேல் பூட்டினார்கள். அப்படிச் செய்ததால் பெட்டியில் அடைத்துச் சென்னை வரைக்கும் அனுப்பிப் பூட்டவும் வசதியானது. போல்ட்டைக் கழற்றினால் உடல் மொத்தமும் வந்துவிடும். மிஞ்சும் சட்டத்தின் மேல் நீங்கள் எதை வேண்டுமானாலும் கட்டலாம். பிரிட்டனில் அந்த முப்பது வருஷத்தில் எத்தனையோ வீட்டுக் கார்கள் அப்படி ஹெரால்டு சட்டத்தின் மேல் வந்தன. கெலமங்கலத்தில் ஒன்று.

வேகம் பார்க்க இங்கே ஏரிப் படுகை கிடையாது. ஆனால் போர் விட்டுப்போன விமான ஓடுதளம் இருந்தது. சென்னைக்கு வடக்கே சோழவரம். 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்தியது. 1990இல் இருங்காட்டுக்கோட்டைத் தளம் வரும்வரை, ஃபியட்டும் ஹெரால்டும் ஆளாளுக்கு ஒருவிதமாகத் திருத்தப்பட்டு அந்தக் கான்கிரீட்டில்தான் ஓடின. வெளிநாட்டுப் பாகம் இறக்க வழியில்லாததால் கார்பரேட்டரிலிருந்து எக்ஸாஸ்ட் வரை பட்டறையில் பிறந்தவை. 80களின் இறுதியில் கோயம்புத்தூரில் எஸ். கரிவர்தன் மாருதி 800இன் 796 சிசி இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைச் செய்தார். அவருடையது ஒரு கார் இல்லை, ஒரே மாதிரி பல கார்கள், சமமான இன்ஜினில் பையன்கள் போட்டி போடட்டும் என்று. 1995இல் வான்விபத்தில் இறந்தார்; கோவையின் பந்தயத் தளத்துக்கு அவர் பெயர்தான். டிவிஎஸ் 1982லேயே ஓசூரிலிருந்து பந்தயத்தில் இறங்கியது.

பெரியப்பா சோழவரம் போனாரா என்று கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. கொட்டகையில் பெட்டி ஒன்றில் கத்தரித்த செய்தித்தாள் துணுக்குகள் கிடக்கின்றன. கரையான் அரித்தது போக, ஒன்றில் வைக்கோல் பொதிகளுக்குப் பின்னால் ஒரு கார் வளைவில் திரும்புகிறது.

அந்தக் காரின் பின்சக்கரங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டும் மேல்பக்கம் உள்நோக்கிச் சாய்ந்து நிற்கும், கால் வளைந்த கிழவர் மாதிரி. சின்ன வயதில் அதைப் பழுது என்று நினைத்துச் சிரித்திருக்கிறோம். ஹெரால்டின் பின்பக்கம் ஊசலாடும் அரை ஆக்சில்கள். வேகமாக வளைவில் போய் ஆக்சிலரேட்டரை விட்டால் பின்பக்கம் எழும்பி, வெளிச் சக்கரம் உள்ளே மடங்கும். கார் சுற்றிவிடும். பின்பக்கத்தை முன்கூட்டியே இறக்கிச் சக்கரத்தை எதிர்ப்பக்கம் சாய்த்து வைத்தால் அந்த ஆபத்து குறையும். பெரியப்பா குறுக்கு ஸ்பிரிங்கிலிருந்து ஒரு பட்டையைக் கழற்றியிருக்கிறார். பத்தாவது பாஸ் செய்யாதவர். யார் சொல்லிக் கொடுத்தார்களோ, அல்லது ராயக்கோட்டை ரோட்டில் ஒரு திருப்பம் சொல்லிக் கொடுத்ததோ.

இந்தக் கார் இனி ரோட்டுக்கு வராது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ளதற்கும் தயாரிப்பாளர் குறித்ததற்கும் மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதைக் கறாராக உறுதிசெய்தது. பிரேக் பிடிக்காத காரில் அடுத்தவன் குழந்தை மேல் மோத யாருக்கும் உரிமையில்லை. சட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். 2021இல் மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில் ஒரு பட்டறைக்காரர் பழைய இரும்பில் செய்த, கிக்கர் உதைத்து ஓட்டும் குட்டி ஜீப்பின் வீடியோ நாடு முழுக்கச் சுற்றியது. ஆனந்த் மகிந்திரா ஒரு புது பொலேரோவைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டார். ரோட்டில் ஓட்டவிட மாட்டார்கள் என்பதையும் அவரே சொன்னார். எங்களுக்கு அப்படி யாரும் பொலேரோ தரப்போவதில்லை.

போன வாரம் சனி ஞாயிறு கெலமங்கலத்தில் இருந்தேன். ஒரு முறை ஓட்டிப் பார்க்கலாம் என்று ஏறினால், உட்காரவே முடியவில்லை. சீட்டுக்கு முன்னே பின்னே நகரும் தண்டவாளம் கிடையாது. சட்டத்தோடு சேர்த்து வெல்டிங் அடித்திருக்கிறார். பெரியப்பா ஐந்தடி இரண்டு அங்குலம். நான் அவரைவிட ஒரு சாண் உயரம். முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கிறது. பிரேக் பெடல் அவர் பாதத்தின் அகலத்துக்கு வெட்டி, ஓரம் ராவி, செருப்பில்லாமல் மிதிக்கத் தோதாக மழமழவென்று இருக்கிறது. அதன் மேல் கால் வைத்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அண்ணனிடம் மூன்று மாதம் டைம் கேட்டிருக்கிறேன். லேப்டாப்பில் காரின் படம் ஒன்று போட ஆரம்பித்திருக்கிறேன், டேப் வைத்து ஒவ்வொன்றாக அளந்து. மென்பொருளில் இந்த வேலை எனக்குப் பழக்கம்: எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார், குறிப்பு எதுவும் இல்லை, ஆனால் ஓடுகிறது, ஏன் ஓடுகிறது என்று கண்டுபிடி. சேசிஸின் இடது பக்கக் கம்பியில், இன்ஜின் உட்காரும் இடத்துக்கு நாலு அங்குலம் முன்னால், இரண்டு துளைகள். இரண்டையும் வெல்டிங் போட்டு அடைத்து, கிரைண்டரில் தேய்த்து, பெயின்ட் அடித்திருக்கிறார். விரலால் தடவினால்தான் தெரியும். இன்ஜினை முதலில் அங்கேதான் வைத்துப் பார்த்திருப்பார் போல. ரேடியேட்டர் இடித்ததா, எடை முன்னால் கூடிப்போனதா? வலது பக்கக் கம்பியில் துளையே இல்லை. அதை இன்னும் படத்தில் எப்படிக் குறிப்பது என்று தெரியாமல், இரண்டு வட்டம் மட்டும் போட்டு வைத்திருக்கிறேன்.