இந்தியாவில் கருக்கலைப்பு உரிமை

கருக்கலைப்பைப் பற்றி இந்திய அரசியலமைப்பில் ஒரு வார்த்தையும் இல்லை. இன்று நீதிமன்றங்கள் இதை அடிப்படை உரிமையோடு சேர்த்துப் பேசுவதற்கு, உயிருக்கும் தனிநபர் சுதந்திரத்துக்கும் காப்பளிக்கும் 21ஆவது பிரிவுக்கு அவை தந்த விளக்கமே காரணம்.

1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டப்படி, தாயின் உயிரைக் காப்பதற்காக அன்றிக் கருவைக் கலைப்பது குற்றமாக இருந்தது. கலைத்துக்கொண்ட பெண்ணும் குற்றவாளியாகவே கருதப்பட்டார். கள்ளத்தனமான கருக்கலைப்பில் பெண்கள் மாண்டுகொண்டிருந்த நிலையில், 1964இல் அமைக்கப்பட்ட சாந்திலால் ஷா குழு 1966இல் தளர்வைப் பரிந்துரைத்தது. அதை முன்னெடுத்த மத்திய அமைச்சர் எஸ். சந்திரசேகர் மக்கள்தொகை அறிஞர். 1974இல் வெளியான தம் நூலுக்கு அவர் வைத்த தலைப்பே 'நெரிசலான உலகில் கருக்கலைப்பு' என்ற பொருளுடையது. பெண்ணின் உரிமையைவிட நாட்டின் ஜனத்தொகையே அன்று பெரிய கவலை.

மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் 1971இல் நிறைவேறி, 1972 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கருக்கலைப்பை உரிமையாக ஏற்ற அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ரோ தீர்ப்புக்கு (1973) முந்தையது இது. ஆனால் முடிவு மருத்துவரின் கையில்: 12 வாரம்வரை ஒருவர், 20 வாரம்வரை இருவர் இசைய வேண்டியிருந்தது. கருத்தடை பொய்த்தது என்ற காரணம் அன்று மணமானவர்களுக்கு மட்டுமே இருந்தது.

அரசியலமைப்பின் பாதை வேறு. சென்னை மாகாணத்தில் தடுப்புக் காவலில் இருந்த ஏ.கே. கோபாலன் தொடுத்த வழக்கில், 1950இல் உச்ச நீதிமன்றம் 21ஆவது பிரிவைக் குறுக்கியே படித்தது. 1978இல் மேனகா காந்தி வழக்கு அந்தப் பூட்டை உடைத்தது. 2009இல் சுசிதா ஸ்ரீவஸ்தவா வழக்கில், பிள்ளை பெறுவதா வேண்டாமா என்ற பெண்ணின் தேர்வு தனிநபர் சுதந்திரத்தின் ஒரு கூறு என்றானது. வேடிக்கை என்னவென்றால், அது பெண்ணே கருவைக் கலைக்கக் கேட்ட வழக்கு அல்ல. சண்டிகர் அரசுக் காப்பகத்தில் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளான, அறிவுவளர்ச்சிக் குறைபாடுடைய பெண் ஒருவர் பிள்ளை வேண்டும் என்றார். கலைக்கச் சொன்ன உயர் நீதிமன்ற உத்தரவைத்தான் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது.

2017இல் உச்ச நீதிமன்றத்தின் புட்டசாமி தீர்ப்பு 21ஆவது பிரிவின் கீழ் அந்தரங்க உரிமையை உறுதிசெய்தது. மருத்துவக் கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தம் சில வகையினருக்கு வரம்பை 24 வாரமாக உயர்த்தி, 'கணவர்' இருந்த இடத்தில் 'துணைவர்' என்றது. அமெரிக்கா ரோ தீர்ப்பைக் கைவிட்ட 2022 ஜூனுக்கு மூன்று மாதம் கழித்து, செப்டம்பர் 29 அன்று, மணமாகாத பெண்ணுக்கும் 24 வாரம்வரை அதே உரிமை உண்டு என்று நீதிபதி சந்திரசூட் அமர்வு தீர்ப்பளித்தது.

மறு ஆண்டே அந்த உரிமைக்கு எல்லை தெரிந்தது. இரண்டு பிள்ளைகளின் தாய் ஒருவரின் 26 வாரக் கருவைக் கலைக்க உச்ச நீதிமன்றம் முதலில் தந்த அனுமதி, 2023 அக்டோபர் 16 அன்று திரும்பப் பெறப்பட்டது. உரிமை என்று நீதிமன்றம் எவ்வளவு உரக்கச் சொன்னாலும், நடைமுறையில் இது இன்னும் அனுமதிதான்.

24 வாரம் கடந்தபின் கருவில் கடுமையான குறைபாடு இருந்தால் மருத்துவக் குழு இசையலாம். தாயின் உயிருக்கு ஆபத்தென்றால் வார வரம்பு தடையில்லை. வேறு காரணமென்றால், எடுத்துக்காட்டாகக் காரைக்குடிப் பெண் ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு போட வேண்டும்.