கம்பளி நூல் பரீட்சை

உங்கள் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ ரயில் டிரைவர் வேலைக்குப் படிக்கிற பையன் இருக்கிறானா? திண்டுக்கல்காரர் என்றால் தேட வேண்டியதே இல்லை. திருச்சி, மதுரை, கரூர், பழனி என்று நாலு பக்கமும் தண்டவாளம் ஓடுகிற ஜங்ஷன். ஐ.டி.ஐ. முடித்த கையோடு 'அசிஸ்டென்ட் லோகோ பைலட்' புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கோச்சிங் சென்டருக்குப் போகிற பிள்ளைகள் தெருவுக்கு ஒருத்தராவது இருப்பார்கள்.

அந்தப் பையனிடம் ஒரு கேள்வி கேளுங்கள். "தம்பி, கண்ணுல கலர் டெஸ்ட் பண்ணிட்டியா?"

பெரும்பாலும் திருதிருவென்று விழிப்பான். காரணம் இருக்கிறது. இந்த வேலைக்கு இரண்டு கட்ட எழுத்துத் தேர்வு, அதற்கப்புறம் கம்ப்யூட்டரில் திறன் சோதனை, சான்றிதழ் சரிபார்ப்பு எல்லாம் முடிந்து, கடைசியில்தான் மெடிக்கல். வருடக்கணக்கில் ராப்பகலாகப் படித்து மார்க் வாங்கியவன், அங்கே ஒரு புள்ளிப் படத்தைக் காட்டி "இதில் என்ன நம்பர் தெரிகிறது?" என்று கேட்கும்போது "நம்பரா? எங்கே சார்?" என்பான். அத்தோடு அந்த வேலை இல்லை.

இந்தச் சோதனை எப்படி வந்தது என்பது சுவாரஸ்யமான கதை.

திருச்சியிலிருந்து மதுரைக்கு ரயில் பாதை போட்டு, திண்டுக்கல்லுக்கு ரயில் வந்தது 1875-ல். அதே வருடம் நவம்பர் 14-ம் தேதி நள்ளிரவில், நமக்குச் சம்பந்தமே இல்லாத ஸ்வீடனில், லாகர்லுண்டா என்ற இடத்தில் இரண்டு எக்ஸ்பிரஸ் ரயில்கள் நேருக்கு நேர் மோதின. ஒன்பது பேர் பலி. வடக்கே போன ரயில், பாங்க்கெபெரி என்ற ஸ்டேஷனில் நின்று எதிர் ரயிலுக்கு வழிவிட வேண்டும் என்று அன்றைக்கு மாற்றியிருந்தார்கள். அது நிற்காமல் போய்விட்டது. ஏன்? சொல்ல வேண்டிய டிரைவர் உயிரோடு இல்லை.

இங்கேதான் உப்சாலா பல்கலைக்கழகத்தின் உடலியல் பேராசிரியர் ஃபிரித்யோஃப் ஹோம்கிரென் வருகிறார். "டிரைவருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றாகத் தெரிந்திருந்தால்?" என்று கேட்டார். கேட்டதோடு விடவில்லை. உப்சாலா - யாவ்லே பாதையில் வேலை பார்த்த 266 பேரை வரிசையாகக் கூப்பிட்டுச் சோதித்தார். அவர் கையில் இருந்த கருவி என்ன தெரியுமா? கலர் கலராகச் சாயம் போட்ட கம்பளி நூல் சிட்டங்கள்! நம்ம சின்னாளபட்டியில் நெசவுக்காரர் வீட்டுத் திண்ணையில் கிடக்குமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. வெளிர்பச்சையில் ஒரு சிட்டத்தை எடுத்து வைத்து, "இந்தச் சாயலில் இருப்பதையெல்லாம் பொறுக்கு" என்பார். கலரின் பெயரைச் சொல்லச் சொல்ல மாட்டார். அதில்தான் சூட்சுமம். பெயரை யார் வேண்டுமானாலும் மனப்பாடம் பண்ணிக்கொள்ளலாமே! 13 பேர் பச்சையோடு சாம்பலையும் பழுப்பையும் சேர்த்துப் பொறுக்கி மாட்டிக்கொண்டார்கள். அதுவரை ரயிலில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள்!

ஸ்வீடன் ரயில்வே உடனே இந்தப் பரீட்சையை ஏற்றது. மற்ற நாடுகளும் பின்னாலேயே வந்தன.

இதில் ஒரு வேடிக்கை. 2012-ல் மோலன், கவோனியஸ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் அந்த விபத்து வழக்கின் பழைய ஆவணங்களைத் தோண்டிப் படித்தார்கள். விபத்துக்குப் பல காரணங்கள், நிறக்குருடு முக்கியக் காரணமாக இருந்திருக்க வாய்ப்பு குறைவு என்பது அவர்கள் முடிவு. ஆக, சந்தேகமான ஒரு விபத்திலிருந்து சரியான ஒரு பரீட்சை பிறந்திருக்கிறது. ஹோம்கிரென் நல்ல விஞ்ஞானி மட்டுமல்ல, நல்ல 'ஷோமேன்' என்றும் எனக்குத் தோன்றுகிறது.

சரி, நிறம் தெரியாதவனுக்கு அது முன்னாடியே தெரியாதா? தெரியாது! அணுக் கொள்கை சொன்ன ஜான் டால்டன், 1794-ல் தன் கண்ணைப் பற்றித் தானே கட்டுரை வாசித்த பெரிய மேதை. அப்போது அவருக்கு வயது 28. தன் கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீலமாக இருப்பதுதான் கோளாறு என்று நம்பி, "நான் செத்த பிறகு கண்ணை அறுத்துப் பாருங்கள்" என்று சொல்லிவைத்தார். 1844-ல் பார்த்தார்கள். திரவம் தெளிவாகவே இருந்தது. பத்திரப்படுத்தி வைத்திருந்த கண் திசுவை 1995-ல் மரபணு சோதனை செய்தபோதுதான், பச்சையை உணரும் நிறமி அவருக்கு இல்லை என்ற விஷயம் வெளியே வந்தது.

இது தாய்வழியில் வருகிற சங்கதி. அம்மாவின் அப்பாவுக்கு இருந்தால், அம்மாவுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது. பேரனுக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. தாய்மாமனுக்கு இருந்தாலும் உஷாராக வேண்டும். பிறவியிலேயே வருகிற இந்தக் குறையைச் சரிசெய்ய மாத்திரையோ கண் பயிற்சியோ கிடையாது. 'குணப்படுத்துகிறோம்' என்று யாராவது காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

கம்பளி நூலுக்குப் பிறகு, எட்ரிட்ஜ்-கிரீன் என்ற ஆங்கில டாக்டர், "டிரைவர் பார்க்கப்போவது நூலையா, விளக்கையா?" என்று கேட்டு, கலர் கண்ணாடி போட்ட லாந்தரை வைத்துச் சோதித்தார். நியாயமான கேள்வி! 1917-ல் ஜப்பானின் இஷிஹாரா புள்ளிப் படங்களைக் கொண்டுவந்தார். நம் ரயில்வேயில் இந்தப் படமும் உண்டு, லாந்தரும் உண்டு. படத்தின் நம்பர்களை வரிசையாக மனப்பாடம் செய்து போகிற கில்லாடிகள் உண்டு. படங்களைக் கலைத்துக் காட்டினால் போச்சு!

கலர் மட்டுமல்ல. டிரைவர் வேலைக்குக் கண்ணாடி இல்லாமல் இரண்டு கண்ணிலும் 6/6 பார்வை வேண்டும். லேசிக் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கும் இடமில்லை. கண்ணாடியைக் கழற்றலாம் என்று ஆசைப்பட்டு ஆபரேஷன் செய்து, வேலையையும் சேர்த்துக் கழற்றிக்கொள்ள வேண்டாம்.

திறன் சோதனைக்குத் தயாராகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஹார்வர்டு உளவியல் பேராசிரியர் ஹ்யூகோ மூன்ஸ்டர்பெர்க், 1910-களில் டிராம் டிரைவர்களின் கவனத்தைச் சோதிக்கத் தொடங்கியதிலிருந்து வருகிற வம்சம் அது. ஞாபகம், கவனம், தூரத்தை அளக்கிற பார்வை என்று ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது 42 டி-ஸ்கோர் வேண்டும். ஒன்றில் சறுக்கினாலும் அவுட். யாருக்கும் சலுகை கிடையாது. மாதிரித் தேர்வுகள் எழுதிப் பழகினால் பதற்றம் குறையும். பழகியும் மாறாதது கண் ஒன்றுதான்.

அதற்காக, நிறம் தெரியாதவன் எதற்குமே லாயக்கில்லை என்று அர்த்தமா? நம் மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர் வேலைக்குத் தேர்வான ஒரு இளைஞரை, நிறக்குறை என்று சொல்லித் தள்ளினார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போனது. 2023 அக்டோபரில் அந்த வேலையை அவருக்குக் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. ஆனால், சிக்னலை நம்பி ஆயிரம் பேரை இழுத்துக்கொண்டு போகிற ரயில் விஷயத்தில் அந்த வாதம் எடுபடுமா என்பது எனக்குச் சந்தேகம்தான். அதே ரயில்வேயில் குமாஸ்தா வேலைக்கும் கணக்குப் பிரிவுக்கும் நிறப்பார்வை கேட்பதில்லை. அந்தப் பரீட்சைக்கும் பாதிப் பாடம் இதேதான். எனவே, கோச்சிங் சென்டருக்கு ஃபீஸ் கட்டுகிற அன்று காலையிலேயே ஒரு கண் டாக்டரைப் பார்த்துவிட்டு வரட்டும் பையன். புள்ளிப் படத்துக்குப் பத்து நிமிஷம் போதும்.