ரோட்சி-1

காமாக் கதிர் வெடிப்புகளின் கண்ணுக்குப் புலப்படும் ஒளியைப் பிடிப்பதற்காக, அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்து லாஸ் அலமோஸில் 1998 முதல் இயங்கிய தானியங்கித் தொலைநோக்கி. இவ்வெடிப்புகள் பெரும்பாலும் சில நொடிகள் முதல் ஓரிரு நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். மனிதர் ஒருவர் செய்தி அறிந்து கருவியைத் திருப்பும்வரை அவை காத்திருப்பதில்லை. எனவே காமாக் கதிர்களைக் கண்காணித்த காம்ப்டன் விண்கலத்தின் எச்சரிக்கை இணையம் வழியாக வந்ததும் தொலைநோக்கி தானே திரும்பிப் படமெடுத்தது. அந்த எச்சரிக்கை இடத்தைத் துல்லியமாகச் சொல்லாது, பல பாகை பிழை இருக்கும். ஆகவே பெரிய ஆடியைவிட அகன்ற பார்வையே தேவைப்பட்டது. கடையில் கிடைக்கும் நான்கு கேனான் கேமரா லென்சுகளை ஒரே தாங்கியில் பொருத்தி, 16 பாகை அகல வானத்தை ஒருசேரப் பார்த்தனர். எளிய கருவிதான், பலனோ பெரிது.

1999 ஜனவரி 23 அன்று ஒரு வெடிப்பு தொடங்கிய 22 நொடிகளில் முதல் படம் பதிவானது. அடுத்த அரை நிமிடத்துக்குள் ஒளி ஏறத்தாழ 9ஆம் ஒளிப்பொலிவெண்ணை எட்டியது. இருகண் நோக்கியில் தெரியக்கூடிய அந்த ஒளி, சுமார் 900 கோடி ஆண்டுகள் பயணித்து வந்தது. பத்து நிமிடங்களில் அது நூறு மடங்குக்கும் மேல் மங்கியது. வெடிப்பு நிகழும்போதே அதன் ஒளியைப் படம்பிடித்தது அதுவே முதல்முறை. பின்னர் வந்த ரோட்சி-3 தொலைநோக்கிகள் ஆஸ்திரேலியா, நமீபியா, துருக்கி, டெக்சஸ் ஆகிய நான்கு இடங்களில் நிறுவப்பட்டன.