தர்மகர்த்தா ஆன கதையும் ஒரு பழைய கடிதமும்

"டிரஸ்டி ஆகியிருக்கேம்மா"ன்னு போன்ல சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி: "எந்தக் கோயிலுக்குடா?"

கோயில் இல்லீங்க. இங்கிலாந்துல நான் பொட்டி தட்டுற ஊர்ல, மாற்றுத்திறனாளிகளோட உரிமைக்காகப் பேசுற ஒரு சின்ன அறக்கட்டளை. வீடு, உதவித்தொகை, பஸ்ல ஏற முடியலைன்னு எந்தச் சிக்கல் வந்தாலும் கூட நின்னு வாதாடுவாங்க. டிரஸ்டின்னதும் பெரிய பதவின்னு நினைச்சுடாதீங்க. சம்பளம் கிடையாது. மாசம் ஒரு மீட்டிங், டீ, பிஸ்கட், தலை நிறைய பொறுப்பு. அவ்ளோதான் :-)

நான் உள்ள போன கதையே வேடிக்கை. சனிக்கிழமைகள்ல போய் அவங்க உறுப்பினர் பட்டியலையும் கணக்கு எக்ஸெல் ஷீட்டையும் சரி பண்ணிக் குடுத்துட்டு இருந்தேன். "நீ டிரஸ்டியாவே வந்துடேன்"னாங்க தலைவர். சக்கர நாற்காலியில வர்ற, அறுபதைத் தாண்டின அம்மா. சரின்னேன். அடுத்த வாரமே "கொஞ்சம் பொறு"ன்னுட்டாங்க. விதிப்படி டிரஸ்டிகள்ல பாதிக்கு மேல மாற்றுத்திறனாளிகளா இருக்கணுமாம். அப்ப இருந்தது ஒன்பது பேர், அதுல அஞ்சு பேர் மாற்றுத்திறனாளிகள். நான் பத்தாவதா வந்தா அஞ்சுக்கு அஞ்சு. விதி உடைஞ்சிரும்.

எனக்குச் சுருக்குன்னுச்சு. ஓசியில ஆணி புடுங்க வர்றவனை வாசல்ல நிக்க வைக்கிறாங்களேன்னு. என் மூஞ்சி போன போக்கைப் பார்த்துட்டு, "பால் ஹண்ட்னு ஒருத்தர் இருந்தார். அவரைப் பத்திப் படிச்சுட்டு வா"ன்னு அனுப்பினாங்க. படிச்சேன். இனி கொசுவத்திச் சுருள்...

லெனார்ட் செஷயர் இரண்டாம் உலகப்போர்ல குண்டுவீச்சு விமானி. பிரிட்டனோட உச்ச வீரப்பதக்கமான விக்டோரியா கிராஸ் வாங்கினவர். 1945-ல நாகசாகி மேல அணுகுண்டு விழுந்ததை விமானத்துல இருந்து பார்த்தவர். போர் முடிஞ்சப்புறம் ஹாம்ப்ஷயர்ல லெ கோர்ட்ங்கிற பெரிய வீட்டுல இருந்தார். 1948-ல, போக்கிடம் இல்லாம சாகக் கிடந்த ஆர்தர் டைக்ஸ்ங்கிறவரைக் கூட்டிட்டு வந்து தானே பார்த்துக்கிட்டார். அதுதான் முதல் செஷயர் இல்லம். அப்புறம் இல்லங்கள் பெருகி, 1950கள்ல இந்தியாவுக்கும் வந்துச்சு. செஷயர் நல்ல மனுஷன், அதுல எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனா நல்ல மனசு மட்டும் போதுமாங்கிறதுதான் இந்தப் பதிவே.

1956-ல அந்த லெ கோர்ட்டுக்கு 19 வயசுல வந்து சேர்ந்தார் பால் ஹண்ட். தசைச் சிதைவு நோய். ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கணும், மது குடிக்கலாமா, ஆணும் பெண்ணும் பழகலாமா, சொல்லாம வெளிய போகலாமா, இதுக்கெல்லாம் அங்க இருந்தவங்க நிர்வாகத்தோட போராட வேண்டியிருந்துச்சு. எஞ்சினியரிங் ஹாஸ்டல் வார்டனை நினைச்சுக்குங்க. நமக்கு நாலு வருஷம், அவங்களுக்கு ஆயுசு முழுக்க. இல்லத்தோட நிர்வாகத்துல தங்களுக்கும் குரல் வேணும்னு கேட்டாங்க.

நடுநிலையா யாராவது பார்த்துச் சொல்லட்டும்னு அவங்களே ஆராய்ச்சியாளர்களைக் கூப்பிட்டாங்க. மில்லர், க்வின்னு ரெண்டு பேர் வந்து ஆராய்ஞ்சு 1972-ல புத்தகமா போட்டாங்க. உள்ள இருக்கிறவங்களைச் சமூகம் ஏற்கெனவே செத்தவங்களாத்தான் கணக்கு வெச்சிருக்கு, உடம்பு சாகிற வரைக்கும் உள்ள இடைக்காலத்தை ஓட்ட உதவுறதுதான் இந்த இல்லங்களோட வேலைங்கிற மாதிரி எழுதியிருந்தாங்க. நாங்க ஏன் வெளிய வந்து வாழக்கூடாதுங்கிறது ஹண்ட்டோட கேள்வி. நம்பிக் கூப்பிட்டவங்க தங்களைக் கைவிட்டுட்டாங்கன்னு அவருக்குக் கடும் கோபம்.

அவர் அப்ப கல்யாணம் முடிச்சு, இல்லத்தை விட்டு வெளிய வந்து லண்டன்ல இருந்தார். 1972 செப்டம்பர் 20-ம் தேதி கார்டியன் பத்திரிகையில அவரோட ஒரு சின்னக் கடிதம் வந்துச்சு. இல்லங்கள்ல அடைஞ்சு கிடக்கிறவங்களே ஒண்ணு சேர்ந்து சங்கம் ஆரம்பிப்போம், விருப்பம் உள்ளவங்க எழுதுங்கங்கிறதுதான் விஷயம். அதுல இருந்து பிறந்தது யூபியாஸ், அதாவது ஒதுக்கி வைக்கப்படுவதை எதிர்க்கும் உடற்குறையுள்ளோர் சங்கம். முழு உறுப்பினர் உரிமை உடற்குறை உள்ளவங்களுக்கு மட்டும்தான். நிறைய பேர் வெளிய வர முடியாதவங்க, அதனால விவாதம் பூரா சுற்றறிக்கைகள்ல, தபால் வழியா. நம்ம பின்னூட்டச் சண்டை மாதிரிதான், பதில் வரத்தான் நாளாகும் :-)

அந்தச் சங்கத்துல இன்னொரு முக்கியமான ஆள் விக் ஃபிங்கல்ஸ்டைன். தென்னாப்பிரிக்காவுல நிறவெறிக்கு எதிரா நின்னு சிறை போயிட்டு, 1968-ல பிரிட்டனுக்கு வந்தவர். சக்கர நாற்காலிக்காரர். ஒதுக்கி வைக்கிறதுன்னா என்னன்னு அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

1976-ல இவங்க வெளியிட்ட சின்னப் புத்தகம் ஒரு விஷயத்தைப் பிரிச்சுக் காட்டுச்சு. உடம்புல இருக்கிற குறை வேற, முடக்கம் வேற. கால் வராதது குறை. படிக்கட்டு மட்டும் வெச்சுக் கட்டின ஆபீஸ்தான் முடக்கம். அதை ஏத்தி வைக்கிறது சமூகம். 1983-ல மைக் ஆலிவர் இந்தப் பார்வைக்கு 'சமூக மாதிரி'ன்னு பேர் வெச்சார். அதைப் பார்க்க ஹண்ட் இல்லை. 1979-ல, 42 வயசுல போயிட்டார்.

ஆனா கடிதத்துல இருந்த கேள்வி நிக்கலை. 1980-ல கனடாவோட வின்னிபெக்ல மறுவாழ்வு நிபுணர்களோட உலக மாநாடு. பிரதிநிதிகள்ல பாதிப் பேர் மாற்றுத்திறனாளிகளா இருக்கணும்னு ஒரு தீர்மானம் வந்து, ஓட்டெடுப்புல தோத்துப்போச்சு. வந்திருந்த மாற்றுத்திறனாளிகள் அங்கேயே கூடித் தனி அமைப்புன்னு முடிவெடுத்தாங்க. 1981-ல சிங்கப்பூர்ல அவங்களோட முதல் உலக மாநாடு. பிரிட்டன்லயும் அதே வருஷம், மாற்றுத்திறனாளிகளே நடத்துற அமைப்புகளுக்குன்னு ஒரு கூட்டமைப்பு வந்துச்சு.

அதே 1981-ல நம்ம ஆய்க்குடியில அமர் சேவா சங்கம் ஆரம்பிச்ச ராமகிருஷ்ணனும், எஞ்சினியரிங் படிக்கும்போது கடற்படைத் தேர்வுல தண்டுவடத்துல அடிபட்டவர்தான். இந்தக் கடிதத்துக்கும் அவருக்கும் தொடர்பு எதுவும் இல்லை. ஆனா நடத்துற இடத்துல யார் உட்கார்ந்திருக்காங்கன்னு பாருங்க.

2006-ல ஐ.நா. உடன்படிக்கை, மாற்றுத்திறனாளிகள் பத்தின முடிவுகள்ல அவங்களோட அமைப்புகளைக் கலந்துக்கணும்னு எழுதிருச்சு. 'அவங்களுக்காக' நடக்குற அமைப்பு வேற, 'அவங்களோட' அமைப்பு வேறன்னு ஐ.நா. குழு 2018-ல விளக்கமே குடுத்துச்சு.

இதெல்லாம் படிச்சப்புறம் அந்த 'பாதிக்கு மேல' விதி மேல இருந்த கடுப்பு போயிருச்சு. அது என்னை வெளிய நிறுத்தப் போட்ட விதி இல்லை. நல்ல மனசுக்காரங்க நாலு பேர் கூடி மத்தவங்க படுக்கப் போற நேரத்தை முடிவு பண்ணிரக் கூடாதுன்னு போட்ட விதி. சில மாசத்துல காது கேளாத ஒரு பெண் டிரஸ்டியா சேர்ந்தாங்க, ஆறு ஆச்சு. பதினோராவதா நானும் உள்ள.

எல்லாம் புரிஞ்சுபோச்சுன்னு நினைச்சேன். முதல் பட்ஜெட் மீட்டிங் வந்துச்சு. நம்ம புத்திதான் தெரியுமே, எந்த வரியில சிக்கனம் பண்ணலாம்னு தேடினேன். சைகை மொழி பெயர்ப்பாளர் செலவு பெருசா இருந்துச்சு. "ஒருத்தருக்காக இவ்ளோ செலவாகுதே, எழுத்துல சாட் வெச்சுக்கலாமே"ன்னு வாயை விட்டேன்.

அந்தப் பெண் கையை அசைச்சாங்க. பெயர்ப்பாளர் சொன்னார்: "இந்த அறையில சைகை மொழி தெரியாதவங்க பத்து பேர் இருக்கீங்க. அப்ப பெயர்ப்பாளர் எனக்கா, உங்களுக்கா?"

யாரும் சிரிக்கலை. தலைவர் என்னைத் திட்டவும் இல்லை, அடுத்த வரிக்குப் போயிட்டாங்க. அவங்க அந்த நாற்காலியில இல்லாம இருந்திருந்தா அந்த வெட்டு நடந்திருக்கும். அதுவும் என் கையால, நல்ல மனசோட.

இப்ப பட்ஜெட் ஷீட்ல அந்த வரியை இடம் மாத்திட்டேன். மின்சாரம், வாடகைக்குப் பக்கத்துல இருக்கு.