கோதுமை வடக்கே, கல் ராஜபாளையத்தில்

ராஜபாளையத்தில் ராத்திரிச் சாப்பாடு என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது பரோட்டாதான். அதற்கான கோதுமை இந்தக் கரிசல் சீமையின் பயிர் அல்ல. பருத்தி, மிளகாய், சோளம், கம்பு என்று வாழ்ந்த மண் இது. கோதுமை முளைத்துக் கதிர்விடக் குளிர்காலம் வேண்டும். பஞ்சாபிலும் ஹரியானாவிலும் மத்தியப் பிரதேசத்திலும் ஐப்பசி, கார்த்திகையில் விதைத்து, பங்குனி, சித்திரையில் அறுக்கிறார்கள். நம் தட்டில் விழும் பரோட்டாவின் வாழ்க்கை அங்கே தொடங்குகிறது.

அடுத்த இடம் உருளை ஆலை. கோதுமையைத் தண்ணீர் தெளித்து ஊறப்போட்டால் மேல்தோல் இறுகும், உள்மாவு இளகும். அப்புறம் ஜோடி ஜோடியாகச் சுழலும் எஃகு உருளைகளுக்கிடையே விட்டு உடைத்து, சலித்து, மறுபடி உடைத்து, மறுபடி சலிக்கிறார்கள். தவிடு ஒரு பக்கம் போகிறது, முளை ஒரு பக்கம் போகிறது. மிச்சம் நிற்கும் வெள்ளை மாவுதான் மைதா. நார்ச்சத்தில் பெரும்பகுதி இந்த இடத்திலேயே கழன்றுவிடுகிறது. மைதாவைப் பற்றி மருத்துவர்கள் சொல்லும் எச்சரிக்கை நியாயமானது; தினமும் மூன்று வேளையும் தின்கிற பண்டம் இல்லை இது.

அரிசி தின்ற ஊருக்குள் கோதுமை வந்ததற்குப் பஞ்சமும் ஒரு காரணம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அரிசித் தட்டுப்பாடு, ரேஷன். பிறகு 1956-ல் அமெரிக்காவின் பி.எல். 480 சட்டத்தின் கீழ் இந்தியா ஒப்பந்தம் போட்டது. கப்பல் கப்பலாகக் கோதுமை வந்து இறங்கியது. பசுமைப் புரட்சிக்குப் பின் நம் நாட்டுக் கோதுமையே போதும் போதும் என்றானது. அரிசி கிடைக்காதபோது வந்த தானியம், அரிசி தாராளமாகக் கிடைத்த பிறகும் போகவில்லை. காரணம் பரோட்டாவின் ருசி என்றே நினைக்கிறேன்.

ராஜபாளையத்தில் அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா இங்கே ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். அதைத் தொடர்ந்து பஞ்சாலைகள் பெருகின. சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் பக்கம் மருத்துவத்துக்கான பேண்டேஜ் துணி நெய்யும் தறிகள் ராப்பகலாக ஓடுகின்றன. ஷிஃப்ட் முடிந்து வருகிற ஆளுக்குச் சூடாக, வயிறு நிறைய, கையில் இருக்கும் காசுக்குள், பத்து நிமிஷத்தில் சாப்பாடு வேண்டும். வீட்டில் எல்லோரும் உறங்கியிருக்கும் நேரத்தில் அதைத் தருவது பரோட்டாக் கடைதான்.

உலகத்தில் பேர் வாங்கிய சின்ன உணவகங்கள் பலவும் இப்படித்தான் பிறந்தன. பாரிஸில் 1855-ல் டுவால் என்ற கறிக்கடைக்காரர், லே ஹால் மார்க்கெட்டில் வேலை செய்தவர்களுக்கு இறைச்சியும் அதன் சாறும் மலிவு விலையில் கொடுக்கத் தொடங்கினார். அந்தச் சாற்றின் பெயரே கடைக்கும் ஆகி, 'புய்யோன்' என்று ஊரெங்கும் பரவியது. இன்றைக்கு பிரெஞ்சு பிஸ்த்ரோவைக் கொண்டாடுகிறவர்கள், உழைப்பாளிக்கு ஊற்றிய அந்தச் சாற்றையும் சேர்த்துத்தான் கொண்டாடுகிறார்கள். நம் சால்னாவுக்கும் அந்த மரியாதை சேர வேண்டும்.

கடைக்குள் மாவு வந்ததும் மாஸ்டரின் வேலை பகலிலேயே ஆரம்பமாகிவிடும். மைதா, உப்பு, தண்ணீர், கொஞ்சம் எண்ணெய். சிலர் சீனியும் முட்டையும் சேர்ப்பார்கள். உள்ளங்கையின் அடிப்பாகத்தால் அழுத்தி அழுத்திப் பிசைய வேண்டும். மாவிலுள்ள புரதங்கள் தண்ணீரைக் குடித்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்வது அப்போதுதான். பிசைந்த கையோடு வீசினால் மாவு சுருங்கிக்கொள்ளும், கிழியும். அதனால் எண்ணெய் தடவி, ஈரத்துணி மூடி ஊறவைக்கிறார்கள். பிறகு உருண்டை பிடித்து, மறுபடி எண்ணெயில் ஊறல். இந்தக் காத்திருப்பைச் சுருக்கிய கடையை முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிடலாம்; பரோட்டா ரப்பராக இழுக்கும்.

அப்புறம் வீச்சு. உருண்டையைத் தட்டி, விளிம்பைப் பிடித்துக் காற்றில் சுழற்றிக் கல்மேடையில் அறைந்தால், அடுத்த பக்கம் தெரிகிற அளவுக்கு மெல்லிசாக விரியும். அதைக் கொசுவி, சுருட்டி வைக்கிறார்கள். இரண்டு மாவு மடிப்புக்கு நடுவே ஓர் எண்ணெய்ப் படலம், அதுதான் அடுக்கு. குரோசான் செய்கிற பிரெஞ்சுக்காரர் வெண்ணெயை வைத்து மடித்து மடித்து, நடுநடுவே குளிரவைத்துச் செய்வதை, நம்மூர் மாஸ்டர் இந்த வெக்கையில் கைவீச்சாலேயே செய்துவிடுகிறார். கல்லில் போட்டதும் மாவுக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகி மடிப்புகளைத் தூக்குகிறது. நாலைந்தாக அடுக்கி, சூட்டோடு சூடாக இரண்டு கையாலும் பக்கவாட்டில் அடிக்கிறாரே, அந்த அடியில் அடுக்குகள் பிரிந்து பூவாக மலர்கின்றன. விருதுநகர் பக்கத்து எண்ணெய்ப் பரோட்டாவோ கல்லில் பாதி வெந்து, எண்ணெயில் பொரிந்து மொறுமொறுவென்று வரும்.

வாழையிலையில் பிய்த்துப் போட்டு, சால்னாவை ஊற்றி, கொஞ்சம் ஊறவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். கறியின் கொழுப்பு, மல்லி, சோம்பு, தேங்காய், வரமிளகாய். மிளகாய்க்கும் மல்லிக்கும் பேர்போன விருதுநகர் சந்தை பக்கத்திலேயே இருக்கிறது. வடக்கேயிருந்து வந்த மாவு சால்னாவில் ஊறும்போது முழுக்க இந்த ஊர்ப் பண்டமாகிவிடுகிறது.

திருமங்கலம் – கொல்லம் நெடுஞ்சாலை ஸ்ரீவில்லிபுத்தூரையும் ராஜபாளையத்தையும் தொட்டுக்கொண்டுதான் தென்காசி போகிறது. ஆனி, ஆடியில் குற்றாலச் சாரல். ஆடியிலேயே ஆண்டாள் கோயில் தேர். அருவிக்குப் போகிறவர்களும் ஆடிப்பூரத்துக்கு வருகிறவர்களும் ஒரே சாலையில் கலக்கும்போது, ராத்திரிக் கடைகளில் கல் ஆறுவதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களைக் கேட்டால் முதலில் பால்கோவாவைத்தான் சொல்வார்கள். 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது, மகிழ்ச்சி. பரோட்டாவுக்கு அப்படி ஒரு முத்திரை வேண்டாம். அது எந்த ஓர் ஊருக்கும் சொந்தம் என்று எல்லை கட்ட முடியாத பண்டம். கடல் கடந்து போய் மலேசியாவில் 'ரொட்டி சானாய்' ஆகி, பருப்புக் கறியோடு காலைப் பலகாரமாகவே உட்கார்ந்துவிட்டது.

வீசுகிற கை குறைந்து வருவதுதான் என் கவலை. மணிக்கணக்காக நின்றபடி, அனல் முகத்தில் அடிக்க, தோளும் மணிக்கட்டும் தேய்கிற வேலை அது. நல்ல மாஸ்டர்கள் கூலி அதிகம் கிடைக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போகிறார்கள். மதுரையில் பரோட்டா போடக் கற்றுக்கொடுக்கும் தனியார் பயிற்சி நிலையம் வந்திருப்பது எனக்கு நல்ல சேதியாகப் படுகிறது. நெசவையும் தச்சையும் தொழிலாக மதிக்கிறவர்கள் இதையும் மதிக்கலாம்.

கடை அடைக்கும் நேரத்தில் தங்கிப்போன பரோட்டாக்களுக்கும் வழி இருக்கிறது. வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, முட்டை, ஒரு கரண்டி சால்னா எல்லாம் கல்லில் விழ, இரண்டு தகடுகளும் தாளம் போட்டுக் கொத்த ஆரம்பிக்கும். தெருமுனையில் திரும்பும்போதே கடை இன்னும் திறந்திருக்கிறது என்று கடைசி ஷிஃப்ட் ஆட்களுக்குத் தெரிந்துவிடும்.